ஒரே கருவியில் இரண்டு படம்



இருட்டில் தூரத்து ஊரைப் பார்க்கிறோம். ஒரு விளக்கு எரிகிறது. யாரோ விழித்திருக்கிறார்கள் என்று தெரிகிறது. யார் வீடு என்று தெரியவில்லை. பகலில் பார்த்தால் எல்லா வீடும் தெரியும். விளக்கு எரிந்த வீடு எது என்று தெரியாது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் வீடு பிடிபடும்.

உடம்புக்குள் புற்றுநோயைத் தேடுவதும் இப்படித்தான்.

சி.டி. ஸ்கேன் பகல் போல. அது எக்ஸ்ரே கதிரால் படம் எடுக்கும். எந்த உறுப்பு எங்கே இருக்கிறது, கட்டி எவ்வளவு பெரியது என்று காட்டும்.

பெட் ஸ்கேன் இரவு விளக்கு போல. சர்க்கரை போன்ற ஒரு மருந்தை ஊசி போடுவார்கள். அதில் கொஞ்சம் கதிர்வீச்சு இருக்கும். 110 நிமிடத்துக்கு ஒரு முறை அது பாதியாகக் குறையும். புற்றுநோய்க் கட்டிகள் பல, சர்க்கரையை அதிகமாக இழுக்கும். அந்த இடம் படத்தில் பளிச்சென்று தெரியும். ஆனால் அது எந்த இடம் என்று சரியாகப் பிடிபடாது.

முன்பு இரண்டையும் தனித்தனிக் கருவியில் எடுத்தார்கள். நோயாளி படுக்கும் விதம் மாறும். வயிறும் குடலும் சற்று நகரும். இரண்டு படமும் சரியாகப் பொருந்தாது. இடம் தவறினால் சிகிச்சையும் தவறும் அல்லவா?

டேவிட் டவுன்செண்ட், ரொனால்ட் நட் என்ற இருவர் இதற்கு வழி கண்டார்கள். இரண்டு கருவிகளையும் ஒன்றாக இணைத்தார்கள். 1998-இல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் அந்தக் கருவி வேலைக்கு வந்தது. நோயாளி எழுந்திருக்க வேண்டாம். படுக்கைதான் நகரும். முதலில் சி.டி., அடுத்து பெட். இரண்டு படமும் ஒன்றின் மேல் ஒன்று பொருந்தும். இன்று இந்தியாவின் பெரிய நகரங்களிலும் இக்கருவி உள்ளது. இதன் பெயர் பெட்-சி.டி.

படம் சரியாக வர, நோயாளியும் உதவ வேண்டும். சில மணி நேரம் சாப்பிடக் கூடாது. தண்ணீர் குடிக்கலாம். சர்க்கரை நோய் இருந்தால் முன்பே சொல்ல வேண்டும். கர்ப்பிணிகளும் பால் கொடுக்கும் தாய்மார்களும் கட்டாயம் சொல்ல வேண்டும். படம் எடுக்கும்போது அசையக் கூடாது. மருத்துவமனையில் தரும் தாளை எழுத்துக் கூட்டியாவது படியுங்கள்.

இன்னொன்று. ஒளிரும் இடமெல்லாம் புற்றுநோய் அல்ல. காசநோய் பிடித்த இடமும் ஒளிரலாம். அதனால் மருத்துவர் சிறிது சதை எடுத்துச் சோதிக்கச் சொல்வார். படத்தைக் கண்டதும் பயந்து வீட்டில் உட்கார்ந்துவிடாதீர்கள். "எந்த இடம்? என்ன நோய்? அடுத்து என்ன செய்ய வேண்டும்?" என்று கேளுங்கள். கேட்பது நம் உரிமை.