ரெண்டரை கிராம்

(பழங்காநத்தத்தில் தெருக்கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



நம்ம தெருப் பையன் ஒருத்தன் ரஷ்யாவில் ஆறு வருஷம் டாக்டருக்குப் படித்துவிட்டு வந்திருக்கிறான். ‘என்னப்பா, டாக்டரு இன்னும் போர்டு மாட்டலையா?’ன்னு டீக்கடையில் கேக்குறாங்க. அதுக்குப் பதில் சொல்லத்தான் வந்தேன்.

வெளிநாட்டில் படித்தவர்கள் இங்கே வைத்தியம் பார்க்க 2002லிருந்து ஒரு தகுதித் தேர்வு இருக்கிறது. ஒரே நாளில் 300 கேள்வி. 150 சரியாக இருந்தால் பாஸ். எல்லாம் இங்கிலீஷ். வருஷத்துக்கு ரெண்டு தடவை நடக்கும். தோற்றால் திரும்பத் திரும்ப எழுதலாம். பாஸாகி, பயிற்சி முடித்து, மருத்துவக் கவுன்சிலில் பதிந்த பிறகுதான் போர்டு.

தேர்வே கூடாது என்று நான் சொல்லவில்லை. அரைகுறை வைத்தியத்தில் முதலில் சாகிறது நம்ம சனம்தான். ஆனால் திரும்பத் திரும்ப எழுத யாரால் முடியும்? உட்கார்ந்து படிக்கிற மாசங்களுக்குச் சோறு யார் போடுவது?

நான் வங்கிக் குமாஸ்தா. கல்விக் கடன் ஏழரை லட்சத்தைத் தாண்டினால் சொத்தை ஈடாகக் கேட்பார்கள். ஆதிக்கச் சாதிக்காரனுக்கு வயல் இருக்கு. நமக்கு ரெண்டு சென்ட் நத்தம். மீதிப் பணத்தை அவன் அப்பா கந்துவட்டிக்கு வாங்கினார். அந்த வட்டிக்காகப் பையன் பகலில் மருந்துக்கடையில் நிற்கிறான், ராத்திரிதான் படிப்பு.

போன வாரம் புத்தகத்தை வைத்துக்கொண்டு நான் கேட்டேன்: ‘ஆயிரம் லிட்டர் தண்ணிக்கு பிளீச்சிங் பவுடர் எவ்வளவுடா?’

‘ரெண்டரை கிராம்ணே.’

அவன் அப்பா துப்புரவுத் தொழிலாளி. முப்பது வருஷம் சாக்கடையோரம் வெறுங்கையால் அதே பவுடரைத் தூவியவர். திண்ணையிலிருந்து சொன்னார்: ‘எங்களுக்கு யாரும் அளவு சொல்லலப்பா. அள்ளி வீசுன்னாங்க, வீசுனோம்.’

அன்னைக்கு எனக்குத் தூக்கம் வரலை. கை நம்முடையது, கணக்கு வேறொருத்தனிடம். இதுதானே சாதி?

வைத்தியம் நமக்குப் புதுசில்லை. 1907இல் ‘ஒரு பைசாத் தமிழன்’ பத்திரிகை தொடங்கிய அயோத்திதாசப் பண்டிதர் சித்த வைத்தியர். எத்தனையோ ஊர்களில் தொப்புள்கொடி அறுத்தவர்கள் நம்ம கிழவிகள். காகிதம்தான் நம்மிடம் இல்லை.

அதனால் கேக்குறேன். மாசம் ஆளுக்கு 100 ரூபாய். அடுத்த தேர்வு முடியும்வரை அவன் மருந்துக்கடைக்குப் போகக் கூடாது. பாஸானதும் அடுத்த பிள்ளைக்கு அவன் கேள்வி கேட்டுச் சொல்லித்தரணும். இது தர்மம் இல்லை, நம்ம கடமை.

நோட்டுக் கொண்டுவந்திருக்கேன். முதல் பேர் என்னுது. அடுத்தது யாரு?