ஒழுங்கையின் அமைதி

பகல் முழுவதும் நகரத்தின் இரைச்சலிற் கிடந்து உழன்றவன் மாலையில் விரும்புவது சிறிது அமைதியையே. அதனை நாடி மலைநாட்டுக்குச் செல்வாரும் கடற்கரைக்குச் செல்வாரும் உளர். யாழ்ப்பாணப் பட்டினத்து வாசிக்கோ அத்துணைத் தூரம் செல்ல வேண்டுவதில்லை. கடைத்தெருவை விட்டுப் பருத்தித்துறை வீதி வழியே சற்று நேரம் நடந்தால் நல்லூர் வந்துவிடும். அங்கே பெருவீதியினின்றும் பிரிந்து செல்லும் ஓர் ஒழுங்கையுள் நுழைந்ததும், வண்டிகளின் ஓசை பின்தங்கிவிடுகின்றது. வேம்பின் நிழலும், மாமரத்து அணிலின் குரலும், எங்கோ ஒரு வீட்டு முற்றத்தைக் கூட்டும் விளக்குமாற்றின் ஓசையுமே எஞ்சி நிற்கின்றன.

இன்று புறநகராய் விளங்கும் இவ்வூர் ஒருகாலத்தில் யாழ்ப்பாண இராச்சியத்தின் தலைநகராய் இருந்தது. 1619 ஆம் ஆண்டில் போர்த்துக்கேயர் இராச்சியத்தைக் கைப்பற்றினர். 1621 இல் இங்கிருந்த கந்தசுவாமி கோயில் இடிக்கப்பட்டது. ஆட்சியும் வாணிகமும் கடலோரத்துக் கோட்டைப் பக்கம் பெயர்ந்தன. இன்றுள்ள கோயில் ஒல்லாந்தர் காலத்தில், 1734 ஆம் ஆண்டளவில் எழுந்தது. யமுனா ஏரி என்னும் பழைய கேணி வீடுகளின் நடுவே இன்றும் கிடக்கின்றது. தலைமையை இழந்த ஊருக்கு அவ்விழப்பின் ஊதியமாய்க் கிடைத்ததே இந்த அமைதி எனலாம். அவ்வமைதி கல்விக்கும் உதவிற்று. சைவத்துக்கும் தமிழ் வசனநடைக்கும் உழைத்த ஆறுமுகநாவலர் 1822 இல் இவ்வூரிற் பிறந்தார். சொற்பிறப்பு ஆராய்ச்சியில் ஈடுபட்ட கத்தோலிக்கத் துறவி சுவாமி ஞானப்பிரகாசரும் நல்லூரோடு சேர்த்தே பேசப்படுகின்றார்.

ஒழுங்கைக்கு உருவங் கொடுத்தது வேலியாகும். கிளுவை, பூவரசு, முள்முருக்கு முதலிய மரங்களின் கதியால்களை நெருங்க நட்டு, கிடுகாலோ பனையோலையாலோ அடைப்பது யாழ்ப்பாணத்து வழக்கம். கதியாலின் குழை ஆட்டுக்கு உணவாகும். உக்கிய பழைய ஓலை தோட்டத்துக்குப் பசளையாகும். மாரிக்கு முன்னே வேலியைப் பிரித்துப் புதிதாய் அடைக்கும் நாள், இரு வீட்டாரும் கூடி நிற்கும் நாள். ஓலையை உட்புறத்தே நின்று ஒருவர் பிடிக்க, வெளிப்புறத்தே நின்று மற்றவர் கட்ட வேண்டியிருத்தலின், அயலவனின்றி வேலி அடைபடாது. பிரிப்பதற்கென்று எழுந்த பொருள், ஆண்டுக்கொருமுறை இரு வீட்டாரையும் ஒன்றுகூட்டிற்று.

அவ்வேலியிலும் ஒரு பொட்டு உண்டு. ஆள் குனிந்து நுழையத்தக்க அச்சிறு வழியை எவரும் அடைப்பதில்லை. உறைமோரும், ஒரு பிடி கறிவேப்பிலையும், நோயாளிக்கு வைத்த கஞ்சியும், பிள்ளைகளின் பாடப் புத்தகங்களும் அதனூடாகவே போய்வந்தன. விருந்தினர் சங்கடப்படலையால் வருவர். அயலார் பொட்டால் வருவர். படலையால் வருபவருக்கு முகமலர்ச்சியும் கதிரையும் வேண்டும். பொட்டால் வருபவருக்கு அவை வேண்டுவதில்லை. அவர் நேரே அடுக்களைக்கே வந்துவிடுவார்.

இவ்வுறவு வெறும் பழக்கத்தால் மட்டும் வந்ததன்று. யாழ்ப்பாணத்தில் மகளுக்குக் காணியும் வீடும் சீதனமாகக் கொடுப்பது மரபு. எட்டுப் பரப்பு வளவை, அதாவது அரை ஏக்கரை, இரு பெண்மக்களுக்குப் பகிர்ந்தால், அக்காள் ஒரு பக்கமும் தங்கை மறுபக்கமும் குடியிருப்பர். கிணறு மட்டும் பங்குக் கிணறாய் நடுவில் நிற்கும். இவ்வாறு பல தலைமுறை சென்றபின், ஓர் ஒழுங்கையில் உள்ள பெண்களுட் பெரும்பாலார் ஒருவருக்கொருவர் பெரியம்மாவும் சின்னம்மாவும் மச்சாளுமாய் இருப்பதில் வியப்பில்லை. ஒல்லாந்தர் 1707 ஆம் ஆண்டிற் தொகுப்பித்த தேசவழமையும், ஒருவன் தன் பங்கை விற்குமுன் ஏனைப் பங்காளருக்கு அறிவித்தல் வேண்டும் என்று விதித்தது. அயல் என்பது தற்செயலாய் வாய்ப்பதன்று, பேணப்பட வேண்டியது என்பதே அவ்விதியின் உட்கருத்து.

பழைமையைப் போற்றுமிடத்து அதன் குறையை மறைத்தல் தகாது. கதியாலை ஆண்டுக்கு ஓரங்குலம் நகர்த்தி நட்டமையால் உடன்பிறந்தார் நீதிமன்றம் ஏறிய கதைகள் யாழ்ப்பாணத்தில் ஒன்றிரண்டல்ல. அதனினும் பெரிய குறையும் உண்டு. வளவின் கிணற்றிலே தண்ணீர் அள்ளும் உரிமை எல்லார்க்கும் இருந்ததில்லை. சாதியின் பெயரால் வெயிலிற் காத்து நின்று, பிறர் வார்த்த நீரைக் கையேந்திப் பெற்றவரும் அவ்வூரவரே. சமூகக் குறைபாடுகளைத் தடுக்கும் சட்டம் 1957 ஆம் ஆண்டிலேதான் வந்தது. மனங்கள் மாறுதற்குப் பின்னும் காலஞ் சென்றது. ஆதலின் அந்நாளைய அமைதியில் ஒரு பங்கு, பேச வாயற்றவரின் மௌனம் என்பதை மறத்தலாகாது.

பின்னர் வந்தது வேறொரு மௌனம். 1995 ஆம் ஆண்டு ஒக்டோபர் 30 ஆம் நாள், போர் நெருங்கிய வேளையில், வலிகாமத்து மக்கள் இரவோடிரவாக ஊரை விட்டகன்றனர். கொட்டும் மழையிற் கையிலகப்பட்டதை எடுத்துக்கொண்டு தென்மராட்சி நோக்கி நடந்தனர். ஒழுங்கைகளில் விளக்கேற்ற எவருமிலர். அடுத்த ஆண்டு ஏப்பிரலின் பின் பலர் மீண்டபோது, பல வீடுகளுக்குக் கூரையில்லை. வேலிகளோ உக்கி விழுந்து கிடந்தன. மீளாதவர் கொழும்பிலும் கடல்கடந்த நாடுகளிலும் வேரூன்றினர். ஆகவே இன்று ஓர் ஒழுங்கையில் நிலவும் அமைதியைக் கேட்பவன், அது நிறைந்த வீடுகளின் அமைதியா, பூட்டிய வீடுகளின் அமைதியா என்று பகுத்தறிய வேண்டியவனாகின்றான்.

இத்தகைய ஓர் ஒழுங்கையில் தனித்து வாழும் மூதாட்டி ஒருத்தியை மனக்கண்ணாற் காண்போம். மக்கள் மூவர், மூவரும் வெளிநாட்டிலுள்ளனர். பணத்துக்குக் குறைவில்லை, தொலைபேசியும் நாள்தோறும் மணியடிக்கின்றது. முன்னாளில் அவள் விடியற்காலையிற் கிணற்றடிக்குச் சென்று வாளியை இறக்குவாள். கப்பியின் கிறீச்சென்ற ஓசை வேலிக்கப்பால் உள்ளவளின் காதில் விழும். “ஆச்சி எழும்பிவிட்டா” என்று அவள் தன் வேலையைத் தொடங்குவாள். ஒருநாள் அவ்வோசை கேளாதாயின், பொட்டால் நுழைந்து வந்து, “என்னணை ஆச்சி, சுகமில்லையோ?” என்று கேட்பாள். அதனை எவரும் உதவி என்று பெயரிட்டழைத்ததில்லை.

இன்று மக்கள் அனுப்பிய பணத்தால் வேலி நின்ற இடத்தில் ஆளுயர மதில் எழுந்துள்ளது. கப்பி நின்ற இடத்தில் மின்னியந்திரம் பொருத்தப்பட்டுள்ளது. இரண்டும் அன்பினாற் செய்யப்பட்டவையே. ஆண்டுதோறும் வேலியடைக்க ஆளுக்கு எங்கே போவது? முதிய கைகள் வாளியை எத்தனை காலம் இழுப்பது? ஆயினும் மதில் கட்டுவோன் பொட்டு விட்டுக் கட்டுவதில்லை. அவள் கிணற்றடியில் வழுக்கி விழுந்தால், அச்செய்தி ஆயிரக்கணக்கான கல் தொலைவிலுள்ள மகனை அடைந்து, அவன் மூலமே பத்தடி தொலைவிலுள்ள அயலவளை அடைய வேண்டியிருக்கின்றது. பாதுகாப்புக்கென எழுந்த மதிலால் அவளுக்கு நெருங்கிய பாதுகாப்பு நீங்கிவிடுகின்றது.

மதில் தடுக்கவியலாத உறவு ஒன்றும் உண்டு. யாழ்ப்பாணக் குடாநாட்டிலே வற்றாத ஆறு இல்லை. மாரி மழை சுண்ணாம்புப் பாறையுள் இறங்கித் தேங்குவதே குடிநீர். பாறையின் அடியில் அது உவர்நீரின் மேல் மிதந்து நிற்கின்றது. அளவுமிஞ்சி இறைத்தால் உவர் மேலேறும். வளவுகள் துண்டாடப்பட்டு வீடுகள் நெருங்குந்தோறும், ஒருவரின் மலக்குழி மற்றவரின் கிணற்றை அணுகுகின்றது. மண்ணுக்கு மேலே எத்துணை உயரமாக மதில் கட்டினும், மண்ணுக்குக் கீழே எல்லாருக்கும் ஒரே தண்ணீர்தான். தன் கிணறு நல்லதாயிருக்க விரும்புவோன் தன் அயலவன் குழியையும் எண்ணியே ஆகவேண்டும். அவனோடு பேசியே ஆகவேண்டும்.

ஆண்டுக்கொருமுறை, கந்தசுவாமி கோயிலின் இருபத்தைந்து நாள் திருவிழாக் காலத்தில், இவ்வொழுங்கைகள் மீண்டும் நிறைகின்றன. பூட்டிய வீடுகள் திறக்கப்படுகின்றன. வெளிநாட்டிற் பிறந்த பேரப்பிள்ளைகள் முற்றத்து மணலில் விளையாடுகின்றனர். அயல்வீட்டார் மதிலின் மேலால் எட்டிப் பார்த்துக் கதைக்கின்றனர். தீர்த்தம் முடிந்து சில நாட்களுள் கதவுகள் மீண்டும் சாத்தப்படுகின்றன. அம்மட்டில் விட்டுவிடாது, வந்தவர் திரும்புமுன் செய்யத்தக்க சிறு காரியங்கள் சில உள. தாய்க்கு மதில் கட்டுவிப்பவர், அயல்வீட்டாரோடு கலந்து அதில் ஒரு சிறு கதவும் வைப்பிக்கலாம். வீட்டுத் திறப்பொன்றை அயலவளிடம் ஒப்புவித்து, அவளை முறை சொல்லி அழைத்து நன்றி கூறிச் செல்லலாம். பூட்டிய வீட்டை, நல்ல குடும்பமொன்று விளக்கேற்றி வாழும்படி விடலாம். இவற்றுக்குப் பெருஞ்செலவில்லை.

மாலையில் ஒழுங்கையால் நடந்து செல்பவன் வீடுகளின் உள்ளே எட்டிப்பார்க்க வேண்டுவதில்லை. செவியைக் கொடுத்தாற் போதும். பாத்திரம் கழுவும் ஓசை, பிள்ளை பாடம் ஒப்பிக்கும் குரல், ஒரு முற்றத்தினின்று மறு முற்றத்துக்குச் செல்லும் கேள்வியும் அதன் மறுமொழியும் கேட்குமாயின், அவ்வொழுங்கை நலமாயிருக்கின்றது. அவை ஒன்றும் கேளாதாயின், அவன் அடுத்த வீட்டுப் படலையைத் தட்டி, உள்ளே இருப்பவர் நலந்தானா என்று ஒருமுறை கேட்டுச் செல்வானாக.