திறவாத களஞ்சியம்



பல கணினிகளை ஒரு தொகுதியாய் இணைத்து, அவற்றில் இயங்கும் மெய்நிகர் கணினிகளின் கோப்புகளை ஒரு பொதுக் களஞ்சியத்தில் வைப்பது இக்கால வழக்கம். இதற்கு உதவும் என்.எவ்.எஸ். முறையைச் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் 1984இல் வகுத்தது.

சிலவேளை ஒரு கணினிக்கு அக்களஞ்சியம் திறவாது. உடனே கோப்புகள் அழிந்தனவென்று கலங்கி, வட்டைத் துடைத்துப் புதிதாய் அமைக்க முனைவோர் உளர். மெய்யான அழிவு அப்போதுதான் நேர்கிறது. கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட பெரியகல்லாற்றில் வாழ்வோர் அறிவர்: பாதை தடைப்பட்டால் ஊர் மறைந்துவிடுவதில்லை.

ஆதலின், கணினி தரும் மறுமொழியை முதலில் நோக்குக. நெடுநேரம் மௌனமாயின், வழியில் தடை; வலையமைப்பையும் தீச்சுவரையும், 2049ஆம் இலக்க வாயிலையும் ஆராய்க. பெயர் அறியப்படவில்லையெனில், முகவரிப் பதிவில் பிழை. அனுமதி மறுக்கப்பட்டால் வழி செம்மையே. புதிதாய்ச் சேர்ந்த கணினி, சேவையகத்தின் அனுமதிப் பட்டியலில் பெரும்பாலும் இடம்பெற்றிராது. மற்றைய கணினிகளுக்குத் திறக்கிறதாயின், களஞ்சியத்தைத் தொடவே வேண்டா.

1981இல் எரிந்த யாழ்ப்பாணப் பொது நூலகத்தின் ஏட்டுச் சுவடிகள் மீளவில்லை. இன்று நம் நூல்கள் பல கணினிகளிலும் காக்கப்படுகின்றன. பூட்டிய கதவைக் கண்டு, உள்ளே எல்லாம் சாம்பலென்று எண்ணி, நாமே தீ மூட்டலாகாது.