வேலுத்தம்பி தளவாய்: கையெழுத்து போட்டவரே வாள் எடுத்த கதை

இந்த எபிசோட்ல நாம பேசப்போறது, குமரி மாவட்டத்துல பிறந்து, இங்க இருக்கறதைவிட கேரளாவுல அதிகமா கொண்டாடப்படுற ஒருத்தரைப் பத்தி. திருவனந்தபுரம் தலைமைச் செயலகம் முன்னாடி அவருக்கு சிலை இருக்கு. பேரு வேலுத்தம்பி. ஊர் இரணியல் பக்கத்துல தலக்குளம். பிறந்தது 1765.

"வெள்ளைக்காரனை எதிர்த்த வீரர்"னு ஒரே வரியில இவர் கதையை முடிச்சிடுவாங்க. ஆனா அதே வெள்ளைக்காரன் உதவியிலதான் இவர் ஒரு காலத்துல பதவியில நீடிச்சார். அந்த நடுப்பகுதியை யாரும் பெருசா பேசறதில்ல. இன்னைக்கு அதைத்தான் பேசப்போறோம்.

1798-ல பாலராம வர்மா திருவிதாங்கூர் ராஜா ஆகுறார். வயசு 16. அவரைச் சுத்தி இருந்த ஜெயந்தன் நம்பூதிரியும் கூட்டாளிகளும் ஊர் ஊரா பணக்காரங்க, அதிகாரிங்க பட்டியல் போட்டு, "இவ்வளவு கட்டு"ன்னு மிரட்டி வசூல் பண்றாங்க. வேலுத்தம்பி அப்போ காரியக்காரர், அதாவது தாசில்தார் மாதிரி. அவருக்கும் ஓலை வந்தது. ஊருக்குத் திரும்பினவர் பணத்தைத் திரட்டல, ஆளுங்களைத் திரட்டினார். 1799-ல தெற்குப் பகுதி மக்கள் கூட்டமா திருவனந்தபுரத்துக்கே போயிட்டாங்க. நம்பூதிரி பதவி போச்சு. அடுத்த சில வருஷத்துல வேலுத்தம்பியே தளவாய். ராஜாவுக்கு அடுத்த இடம் அது.

நிர்வாகத்துல ஆளு ரொம்பக் கறார். லஞ்சம் வாங்கினா கொடூரமான தண்டனை. செலவைக் குறைக்கணும்னு 1804-ல நாயர் படையோட படிக்காசுல கை வச்சார். படை கலகம் பண்ணிச்சு. அவங்க கேட்டது ரெண்டு: தளவாயைத் தூக்கணும், கம்பெனியோட இருக்குற உறவை முறிக்கணும். வேலுத்தம்பி போய் நின்ன இடம் ரெசிடென்ட் காலின் மெக்காலே வீடு. கல்விக் கொள்கைன்னதும் ஞாபகம் வருமே ஒரு மெக்காலே, அவரோட பெரியப்பா இவர். கம்பெனி உதவியோட கலகம் அடங்கிச்சு.

அதுக்கான பில் 1805-ல வந்தது. புது உடன்படிக்கை. கம்பெனி படை திருவிதாங்கூரைக் "காக்கும்". அதுக்கு வருஷம் 8 லட்சம் ரூபாய். பணம் சரியா வரலைன்னா நிர்வாகத்தையே கம்பெனி எடுத்துக்கலாம். கம்பெனி சொல்ற ஆலோசனையை ராஜா கேட்டு நடக்கணும். நம்ம பாஷையில சொன்னா, இது கேன்சல் பட்டனே இல்லாத சப்ஸ்கிரிப்ஷன். சந்தா கட்ட முடியலைன்னா, ஆப் மட்டும் இல்ல, போனையே அவன் எடுத்துக்குவான்.

கட்ட முடியல. பாக்கி ஏறுது, மெக்காலே நெருக்குறார். 1808 டிசம்பர்ல வேலுத்தம்பியும் கொச்சி அமைச்சர் பாலியத்து அச்சனும் சேர்ந்து மெக்காலே வீட்டைத் தாக்குறாங்க. அவர் தப்பிச்சிடுறார். 1809 ஜனவரி 11, குண்டறை பிரகடனம்: மக்களே, எழுந்திருங்க!

இந்தப் பிரகடனத்தை முழுசா பார்க்கணும். கம்பெனி நாட்டையே விழுங்கிடும்ங்கற எச்சரிக்கை அதுல இருக்கு, அது அப்படியே பலிச்சது. கூடவே, சாதி வரம்பு உடைஞ்சிடும்ங்கற பயமும் இருக்கு. அந்த வரம்புக்குக் கீழ நசுங்கிக் கிடந்தவங்களோட பேரப்பிள்ளைங்களும் இந்த எபிசோடைக் கேட்டுட்டிருப்பீங்க. அவங்களுக்கு இது யாரோட விடுதலைன்னு கேட்க முழு உரிமை இருக்கு.

நாகர்கோவில்ல இருந்து நெல்லைக்கு பஸ்ல போறப்ப, காற்றாலை வரிசையா நிக்கிற ஆரல்வாய்மொழியைத் தாண்டுவீங்கல்ல? அங்க இருந்த அரணை 1809 பிப்ரவரி 10-ஆம் தேதி கம்பெனி படை உடைச்சு உள்ள வந்தது. அதுக்கப்புறம் தடுக்க ஆளில்ல. ராஜாவும் கைவிட்டார். மண்ணடி கோயில்ல, பிடிபடறதுக்கு முன்னாடியே வேலுத்தம்பி உயிரை விட்டார். உடலைத் திருவனந்தபுரம் கொண்டுவந்து கண்ணம்மூலையில தொங்கவிட்டாங்க. 1811-ல ரெசிடென்ட் மன்றோவே திவானும் ஆனார். ஆலோசனை சொன்ன ஆளே ஆட்சியில உட்கார்ந்தாச்சு.

இதே காலத்துல உலகத்தோட இன்னொரு மூலையில, அமெரிக்காவுல, மோஹாக் பழங்குடித் தலைவர் ஜோசப் பிராண்ட் இருந்தார். தன் மக்களோட நிலம் மிஞ்சணும்னு பிரிட்டனை நம்பி, லண்டன் வரைக்கும் போய்ப் பேசி, அவங்களுக்காகப் போரும் செஞ்சார். 1783-ல பாரிஸ் ஒப்பந்தம் கையெழுத்தாச்சு. அதுல அந்த மக்களைப் பத்தி ஒரு வார்த்தைகூட இல்ல. கனடாவுல ஆற்றோரமா கொஞ்சம் நிலம் கொடுத்து முடிச்சுட்டாங்க. 1807-ல பிராண்ட் இறந்தார். ரெண்டு வருஷம் கழிச்சு வேலுத்தம்பி.

ரெண்டு பேரும் முட்டாள் இல்ல மக்களே. பெரிய சக்தியை நாம பயன்படுத்திக்கலாம்னு கணக்குப் போட்ட புத்திசாலிங்க. வேலுத்தம்பிக்கு அந்தக் கணக்கு எங்க தப்பிச்சுன்னா, சொந்தப் படை சம்பளம் கேட்டு வந்தப்ப, அவங்களோட பேசாம வெளியாள் கதவைத் தட்டினாரே, அங்கதான். அஞ்சு வருஷம் கழிச்சு அவர் மக்களைக் கூப்பிட்டப்ப, ஆரல்வாய்மொழி அரணைத் தாங்குற அளவுக்கு ஒரு படை மிச்சமில்ல.

தலக்குளம் பக்கம் போறவங்க அவரை நினைச்சுக்கோங்க. வீரரா மட்டும் வேண்டாம், முழு மனுஷனா. உங்க வீட்டுப் பெரியவங்க அவரைப் பத்தி என்ன சொல்லியிருக்காங்கன்னு வாய்ஸ் நோட் அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்!