மின்சாரமும் ஒரு வகுத்தற் கணக்கும்
(களக்காட்டில் கூடிய நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



இன்று அடியேன் பேச எடுத்துக்கொண்ட விஷயம் மின்சாரக் கணக்கு. “இது பள்ளிப் பிள்ளைகளின் பாடமன்றோ? சங்கத்தில் இதற்கென்ன வேலை?” என்று சிலர் எண்ணக்கூடும். ஒரு பெருக்கலும் ஒரு வகுத்தலும் செய்து பாராமையால் நம்மவர் இல்லங்களில் பொருள் விரயமாவதையும், உயிருக்கே ஆபத்து நேர்வதையும் எண்ணியே இதனைத் தேர்ந்தேன்.

நம் ஜில்லாவினர்க்கு இதனை விளக்கத் தாமிரபரணித் தாயே போதும். பாபநாசத்தில் 1944-ஆம் வருஷம் முதல் அவளது நீரைக்கொண்டு மின்சாரம் உற்பத்தி செய்யப்பட்டு வருகிறது. நீர் விழும் உயரம் ஒன்று. விழும் நீரின் அளவு மற்றொன்று. இவ்விரண்டையும் பெருக்கியே அதன் சக்தியை மதிக்கிறார்கள். மின்சாரத்திலும் அப்படியே. உயரத்தின் ஸ்தானத்தில் நிற்பது அழுத்தம். அதனை வோல்ட் என்று அளப்பர். நீரோட்டத்தின் ஸ்தானத்தில் நிற்பது மின்னோட்டம். அதன் அளவு ஆம்பியர். அழுத்தத்தை ஓட்டத்தால் பெருக்க வருவது சக்தி, அதுவே வாட். வாய்க்கால் குறுகினாலும் நீண்டாலும் நீர் தடைப்படுவதுபோல, கம்பி மெலிந்தாலும் நீண்டாலும் மின்னோட்டம் தடைப்படும். இத்தடையின் அளவு ஓம்.

அழுத்தத்தை ஓட்டத்தால் வகுத்தால் தடை கிடைக்கும் என்னும் விதியை 1827-இல் வெளியிட்டவர் ஜெர்மனி தேசத்து ஜார்ஜ் சைமன் ஓம் என்பார். அவர் பூட்டுத் தொழிலாளி ஒருவரின் குமாரர், பள்ளி ஆசிரியர். முதலில் அவரை மதித்தவர் சிலரே. 1841-இல் லண்டன் ராயல் சொஸைட்டி அவருக்குக் காப்ளி பதக்கம் அளித்துக் கௌரவித்தது. எளிய குடியிற் பிறந்தாரும் கல்வியால் உலகறிய உயரலாம் என்பதை நம் பிள்ளைகள் நினைவிற்கொள்க.

இனிக் கணக்கைப் பார்ப்போம். 230 வோல்ட் அழுத்தத்தில் ஓர் இஸ்திரிப்பெட்டி 5 ஆம்பியர் இழுப்பதாகக் கொள்வோம். 230-ஐ 5-ஆல் வகுக்க, தடை 46 ஓம். பெருக்க, சக்தி 1150 வாட். ஆயிரம் வாட் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். ஆகவே இப்பெட்டி மணிக்கு 1.15 யூனிட் செலவிடும். மாலையில் அழுத்தம் 180 வோல்ட்டுக்கு இறங்கினால் என்னாகும்? ஓட்டம் ஏறக்குறைய 3.9 ஆம்பியராகவும், சக்தி சுமார் 704 வாட்டாகவும் குறைந்துவிடும். அழுத்தம் குறைந்தது ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல். சூடு குறைந்ததோ ஐந்தில் இரண்டு பங்களவு! அழுத்தம் இறங்க ஓட்டமும் உடன் இறங்குவதே காரணம்.

அடுத்தது கிணற்று மோட்டார். இதில் அடியேன் பட்ட நஷ்டத்தையே சொல்லுகிறேன். வீட்டிலிருந்து 100 மீட்டர் தூரத்திலுள்ள கிணற்றுக்கு, விலை மலிவு என்று 1 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி வாங்கி இழுத்தேன். போக வர 200 மீட்டர். தடை சுமார் 3.4 ஓம். மோட்டார் 7 ஆம்பியர் இழுக்க, 7-ஐ 3.4-ஆல் பெருக்கினால் சுமார் 24 வோல்ட் வழியிலேயே போயிற்று. கம்பியில் சூடாக வீணானது ஏறக்குறைய 167 வாட். ஆறு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட் நஷ்டம். அன்றியும், பாரத்தைச் சுமக்கும் மோட்டார், இஸ்திரிப்பெட்டியைப்போல் அடங்கியிராமல், அழுத்தம் குறையக் குறைய அதிக ஓட்டத்தை இழுக்கும். அதனால் காயில் சூடேறிக் கருகும். இரண்டு முறை காயில் கட்டிய செலவில் நல்ல கம்பியே வாங்கியிருக்கலாம். 4 சதுர மில்லிமீட்டர் கம்பியானால் தடையும் நஷ்டமும் கால் பங்கே. மோட்டாரின் வாட்டைக் கணிக்கையில் மட்டும், அழுத்தத்தையும் ஓட்டத்தையும் பெருக்கி வந்த தொகையைச் சக்திக் காரணி என்னும் பின்னத்தாலும் பெருக்குதல் வேண்டும்.

மூன்றாவது, உயிர்க் கணக்கு. நனைந்த மனித உடலின் தடை சுமார் 1000 ஓம் அளவுக்கு இறங்கிவிடும். 230-ஐ 1000-ஆல் வகுக்க 0.23 ஆம்பியர். இதில் பாதியும் இதயத்தை நிறுத்தப் போதுமானது. “பியூஸ் இருக்கிறதே!” என்பீர்கள். 5 ஆம்பியர் பியூஸுக்கு 0.23 ஒரு பொருட்டன்று. அது போகவே போகாது. பியூஸ் கம்பியைக் காப்பது, மனிதரைக் காப்பதன்று. மனிதரைக் காக்க 30 மில்லிஆம்பியர் கசிவிலேயே இணைப்பைத் துண்டிக்கும் ஆர்.ஸி.ஸி.பி. என்னும் கருவியும், சரியான எர்த்தும் இன்றியமையாதவை.

இதனை நம்மூரில் அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. 1988 முதல் களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகம் நமது எல்லையில் இருக்கிறது. காட்டுப்பன்றி வாழையை அழிக்கிறது. விவசாயியின் வேதனை மெய்யே. ஆயினும் வீட்டு மின்சாரத்தை வேலிக் கம்பியில் விடுதல் சட்டப்படி குற்றம், தர்மப்படி பாதகம். மழை ஈரத்தில் இரவில் மடை பார்க்க வருபவன் நம் மகனாகவும் இருக்கலாம். முறைப்படி அமைத்த சூரியசக்தி வேலியில் அழுத்தம் அதிகமாயினும், ஓட்டம் கணநேரத் துடிப்பாகவே விட்டுவிட்டு வரும். அது விலங்கை விரட்டுமேயன்றிக் கொல்லாது. இவ்வேறுபாட்டை அறியாமல் வேலியில் கை வைக்கலாகாது.

ஆதலின் என் விண்ணப்பம் இதுவே. ஐ.டி.ஐ.யிலும் பொறியியற் கல்லூரியிலும் பயின்ற நமது இளைஞர்கள் ஞாயிறுதோறும் இரண்டு வீடுகளுக்கேனும் சென்று எர்த்தையும் கம்பியையும் சோதித்துத் தருக. தாய்மார்கள் எப்பொருள் வாங்கினும் அதன் தகட்டிலுள்ள வோல்ட், வாட் எண்களைப் படித்து, வாட்டை வோல்ட்டால் வகுத்து ஆம்பியரைக் கணிக்கப் பழகுக. ஈரக்கையால் எந்தச் சுவிச்சையும் தொடற்க. கம்பி வாங்குமுன் ஒரு காகிதத்தில் கணக்கிடுக.

சத்தியவாகீசர் திருவருளால் நம் இல்லங்களில் விளக்கும் உயிரும் என்றும் சுடர்க.