காடு கற்போம்! கானகத்தைத் தமிழால் காப்போம்!

(பள்ளியிறுதி மாணவரும் அவர்தம் பெற்றோரும் கூடிய அவையில் ஆற்றிய உரை)



பன்னிரண்டாம் வகுப்பு முடிந்ததும் நம் வீடுகளில் எழும் வினா ஒன்றே. மருத்துவமா, பொறியியலா என்பதே அது. இவ்விரண்டும் கிட்டவில்லையெனின் பிள்ளையின் வாழ்வே கெட்டதாகக் கலங்குகின்றோம். மூன்றாவதாக ஒரு வழியைக் காட்டவே இன்று உங்கள் முன் நிற்கின்றேன். அது காட்டுவழி! நகைக்க வேண்டா. 1856-இல் சென்னை மாநிலத்தின் காட்டுக் காவலராக ஆங்கில அரசு அமர்த்திய கிளெக்கார்ன் என்பவர் மருத்துவம் கற்று வந்தவரே. உடற்பிணி தீர்க்கக் கற்றவர் காட்டின் பிணி தீர்க்க வந்தார். அப்பணி அத்துணைப் பெரிது.

காடு நீரின் தாய்மனை. நீலமலை மேட்டில் புல்வெளியும் சோலையும் மழையை உறிஞ்சி வைத்துக் கோடையிலும் கசியவிடுகின்றன. பொருநையும் வைகையும், பவானி என வழங்கும் வானியும் காடுடைய மலைகளில் பிறந்தே நம் வயல்களுக்கு வருகின்றன. அரணுக்கு உரியவற்றை எண்ணிய வள்ளுவப் பெருமான் நீர், நிலம், மலை ஆகியவற்றோடு காட்டையும் வைத்து எண்ணியது இதனாலன்றோ!

அக்காடு இன்று எவ்வளவு? 2021-ஆம் ஆண்டின் இந்தியக் காட்டுநிலை அறிக்கைப்படி தமிழக நிலப்பரப்பில் ஏறத்தாழ 20 விழுக்காடே. காடும் மரமும் சேர்ந்த பரப்பை 33 விழுக்காடாக உயர்த்தும் இயக்கத்தைத் தமிழக அரசு 2022-இல் தொடங்கியது. மரம் நட ஆயிரம் கைகள் உண்டு. எம்மண்ணில் எம்மரம் என்று அறிந்து சொல்வோரே குறைவு. அறியாது நட்டதன் கேட்டை நீலமலையில் காணலாம். ஆத்திரேலியாவினின்று கொணர்ந்து நட்ட சீகைமரம் அங்குள்ள புல்வெளிகளை விழுங்கி நிற்கிறது.

இவ்வறிவைத் தருவது காட்டியற் கல்வி. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் காட்டியற் கல்லூரி மேட்டுப்பாளையத்தில், நீலமலையின் அடிவாரத்தில் உள்ளது. இளமறிவியற் படிப்பு நான்காண்டு. மண், நாற்றங்கால், மரவளர்ப்பு, மரத்தின் உள்ளமைப்பு, காட்டுயிர், நீர்ப்பிடிப்பு நிலம், உழவரின் வயலில் பயிரோடு மரம் வளர்க்கும் முறை, காட்டுச் சட்டம் ஆகியன கற்பிக்கப்படும். காலில் முள் குத்தாமல் இக்கல்வி நிறைவுறாது என்பதையும் சொல்லிவிடுகின்றேன்.

கற்றபின் பிழைப்புக்கு வழியுண்டா எனப் பெற்றோர் வினவுவீர்கள். உண்டு. நடுவணரசின் தேர்வெழுதி இந்தியக் காட்டுப்பணியில் சேரலாம். தமிழகத் தேர்வாணையத்தின் வழி, உதவிக் காட்டுக் காவலர் பொறுப்பையும் காட்டுச் சரகர் பொறுப்பையும் அடையலாம். மேற்படிப்பு முடித்தோர்க்குக் கோவையிலுள்ள காட்டு மரபியல், மரவளர்ப்பு ஆய்வு நிறுவனம் போன்றன உள. புகளூர்த் தாள் ஆலை போன்ற ஆலைகளுக்குச் சவுக்கும் தைலமரமும் உழவர் வயல்களில் விளைகின்றன. அவ்வுழவர்க்கு வழிகாட்டவும் ஆள் வேண்டும். வங்கிகளின் வேளாண் அலுவலர் பணிக்கும் இப்பட்டம் தகுதியே. யாரிடமும் கைகட்டி நில்லாது சொந்தமாக நாற்றுப் பண்ணை நடத்துவோரும் உளர்.

இனி என் நெஞ்சை உறுத்துவதைக் கூறுகின்றேன். இந்திய ஆட்சிப்பணிக்குரிய முதன்மைத் தேர்வைத் தமிழில் எழுதலாம். காட்டுப்பணிக்குரிய முதன்மைத் தேர்வையோ ஆங்கிலத்தில் மட்டுமே எழுதுதல் வேண்டும். மக்களை ஆளத் தமிழ் போதும், மரத்தைக் காக்கத் தமிழ் போதாதோ? இஃது என்ன முறை?

தமிழில் சொல் இல்லை என்பாரும் உளர். தொல்காப்பியர் மரபியலைத் திறந்து காட்டுங்கள். தண்டின் வன்மை வெளிப்புறத்தே அமைந்தவற்றைப் புல்லினம் என்றும், உள்ளே அமைந்தவற்றை மரவினம் என்றும் அவர் பகுத்தார். பனையும் மூங்கிலும் புல்லின்பாற்படும் என்னும் நுட்பத்தை நம் உரையாசிரியர் அன்றே உணர்ந்திருந்தனர். மரத்தின் உள்வன்மைக்குக் காழ் என்றும், காழற்ற மென்பகுதிக்கு வெளிறு என்றும் சொற்கள் உள. கோட்டையைச் சூழ்ந்த காவற்காட்டுக்கு மிளை, மரமடர்ந்த செறிவுக்குப் பொதும்பு என்று வகைவகையாய்ப் பெயரிட்ட மொழியை வறியதென்பது எவ்வளவு அறியாமை!

உலகமோ நம்மிடம் கடன் பெற்றது. போர்த்துகீசியர் நம் மேலைக் கடற்கரையினின்று கொண்டு சென்ற தேக்கே ஆங்கிலத்தில் 'டீக்' ஆயிற்று. நிலைத்திணை நூலார் 'பொங்காமியா' என்றது நம் புங்கத்தை. மலைக்காட்டு ஆய்வாளர் 'சோலா' என்றெழுதுவது நம் சோலையை. அவர்கள் எடுத்துக்கொண்டனர். நாமோ காடு, கான், கானகம் எனச் சொற்கள் இருக்கவும் அலுவலகப் பலகையில் 'வனம்' என்றெழுதி வைத்துள்ளோம்!

இது சொற்பூசல் மட்டுமன்று. 1882-ஆம் ஆண்டின் சென்னைக் காட்டுச் சட்டம் காப்புக்காடுகளை வரைந்தபோது, அக்காடுகளில் வழிவழி வாழ்ந்த மலைமக்கள் அயலார் ஆக்கப்பட்டனர். அவர்தம் உரிமையை ஏற்கும் சட்டம் 2006-இல்தான் வந்தது. இருளரும் குறும்பரும் காணிக்காரரும் மரத்தின் பெயரையும் விலங்கின் தடத்தையும் தலைமுறை தலைமுறையாய் அறிந்தவர்கள். அவர்கள் பேச்சைக் காதுகொடுத்துக் கேட்கத் தெரியாத அலுவலர், நூல் பல கற்றிருந்தும் காட்டை அறியார். வேலியோரத்தில் யானைக்கு அஞ்சி விழித்திருக்கும் உழவனிடம் அவனுக்கு விளங்கும் மொழியில் பேச இயலாதவர் அவனையும் காவார், யானையையும் காவார்.

ஆகவே மூன்று வேண்டுகோள். பெற்றோரே! பிள்ளை காட்டியல் விரும்பினால் தடுக்காதீர்கள். பெண்பிள்ளையாயினும் தடுக்காதீர்கள். இளையோரே! ஆங்கிலத்தில் கற்க நேரினும் ஒவ்வொரு கலைச்சொல்லையும் தமிழில் எழுதி வையுங்கள். மலைமக்கள் வாயிற் சொற்களைத் திரட்டுங்கள். அரசினரே! இளமறிவியல் வேளாண்மையைத் தமிழ்வழியில் கற்பிக்க அதே பல்கலைக்கழகம் 2021-இல் முனைந்ததே, அவ்வழியைக் காட்டியலுக்கும் திறந்துவிடுங்கள். காட்டுப்பணித் தேர்வைத் தமிழில் எழுதும் உரிமையை நடுவணரசிடம் கேட்டுப் பெறுங்கள்.

குறிஞ்சி என்றும் முல்லை என்றும் நிலத்துக்குப் பூவின் பெயரிட்ட இனம் நாம். அந்நிலம் நம் கைவிட்டுப் போகாதிருக்க, அதை அறிந்த பிள்ளைகள் வேண்டும். இவ்வவையினின்று ஒருவரேனும் மேட்டுப்பாளையம் நோக்கிப் புறப்பட்டால் என் உரை பயன்பெற்றதாகும்.

வாழ்க தமிழ்! தழைக்க தமிழ்க் கானகம்!