ஏரிக்கு மண் சுமந்தவன் பேர் எங்கே?

(பனமலையில் பேராசிரியர் நா. வானமாமலை நினைவுக் கூட்டத்தில் சங்கத்தின் சார்பில் பேசியது)



நம்ம மலைமேல் இருக்கிற தாளகிரீஸ்வரர் கோயிலைக் கட்டியது யார்? ராஜசிம்ம பல்லவன் என்று பள்ளிக்கூடத்துப் பிள்ளைகூடச் சொல்லும். சரி, கீழே கிடக்கிற ஏரிக்கு மண் சுமந்தது யார்? கரை போட்டது யார்? அவங்க யாருக்கும் பேர் இல்லை.

உழைக்கிறவனையும் வரலாற்றில் சேர்க்கணும் என்று பாடுபட்டவர்தான் நா. வானமாமலை. 1917இல் நாங்குநேரியில் பிறந்தவர். வாத்தியார் வேலை பார்த்தவர். விவசாயிகள் இயக்கத்தில் நின்றவர். நெல்லை சதி வழக்கில் அவரையும் சேர்த்தார்கள். அதற்கெல்லாம் அவர் அசரவில்லை. 1967இல் நெல்லை ஆய்வுக் குழுவை ஆரம்பித்தார். ‘ஆராய்ச்சி’ இதழை நடத்தினார். 1980 பிப்ரவரி 2இல் மறைந்தார்.

அவர் செய்த பெரிய காரியம் என்ன? நடவு நடும் பெண்களும் ஏற்றம் இறைப்பவர்களும் பாடிய பாட்டுகளைத் தோழர்களோடு சேர்ந்து தொகுத்தார். கட்டபொம்மன் கதையை வெள்ளைக்காரன் காகிதத்தில் மட்டும் தேடவில்லை, ஜனங்கள் பாடின கதைப்பாடலிலும் தேடினார். ஆனால் பாட்டில் வந்ததெல்லாம் நிஜம் என்றும் விட்டுவிடவில்லை. கல்வெட்டோடும் ஆவணத்தோடும் வைத்துப் பார்த்தார்.

நமக்கும் அதுதான் வழி. துரிஞ்சலாற்றில் கீரனூரில் பிரிகிற நந்தன் கால்வாய் நம்ம பனமலை ஏரியில் வந்து முடிகிறது. நாம கடைமடை. மேலே தூர்ந்தாலும் அடைத்தாலும் காய்வது நம்ம வயல்தான். வாய்க்கால் எங்கே எவ்வளவு அகலம் ஓடியது என்பது நம்ம பெரியவர்களுக்குத் தெரியும். அவர்கள் போய்விட்டால் அந்தச் சாட்சியும் போய்விடும்.

ஆகவே தெருவுக்கு இரண்டு பேர் நோட்டு எடுத்துக்கிட்டுப் போங்க. தாத்தா, ஆயா சொல்றதை அப்படியே எழுதுங்க. வாய்க்கால் போகிற ஊர்களின் அ பதிவேடு, புலப்பட நகலை 2005 தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்குவோம். இரண்டையும் ஒத்துப் பார்ப்போம். ஏரி ஆக்கிரமிப்பை அகற்ற 2007இலேயே சட்டம் வந்தாச்சு. ஆதாரத்தோடு கிராம சபையில் தீர்மானம் போடுவோம். கலெக்டர் ஆபீசுக்குச் சேர்ந்து போவோம்.

வெறுங்கையோடு போனால் மனுவை வாங்கிப் போட்டுவிடுவார்கள். கணக்கோடு போனால் பதில் சொல்லியே ஆகணும்.

மண் சுமந்தவன் பேர் கல்லில் இல்லை. அவன் வெட்டின வாய்க்காலாவது மிஞ்சட்டும்!

கடைமடைக்குத் தண்ணீர் வேண்டும்!
விவசாயிகள் ஒற்றுமை ஓங்குக!